பன்னிரண்டுக்கு ஒன்று குறைய

ஜெலுத்தோங்கில் மழை கண்டு எட்டு வாரம்.
பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள்.
குழாய் இருமியது, காற்றைத் துப்பியது,
பிறகு அதுவும் இல்லை.
லோரி வரும் நாளில்
ஒன்பதாம் மாடிக்கு இரண்டு வாளி.
அதில் சோறு, அதில் குளியல்.
அரிசி களைந்த தண்ணீர் மட்டும்
நடைபாதைத் தொட்டிகளுக்கு.

மல்லி முதலில் போனது.
கறிவேப்பிலை குச்சியானது.
எலுமிச்சை இருந்தது, வழக்கம்போல்
ஒரு பிரயோசனமும் இல்லாமல்.
விதை விழுந்து முளைத்தது; ஏழு வருடமாக
முள்ளைத் தவிர எதையும் காய்க்கவில்லை.
தூக்கிப் போடு என்றார் சந்திரகாசன்.
தூக்கத்தான் எனக்குத் தெம்பில்லை.

பாயான் லெப்பாஸ் பாக்டரியில்
இருபத்தாறு வருடமாகக் கண்ணாடியில் குனிந்து
மயிரிழைத் தங்கக் கம்பிகளில்
அறுந்தது எது என்று பார்ப்பவள் நான்.
அங்கே எந்நாளும் இருபத்தோரு டிகிரி.
அந்தக் குளிரிலும் சில மாதமாக
யாரோ எனக்குள் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு
அணைக்காமல் போகிறார்கள்.
வெளியே வெயில் அப்படி, என்றேன் சூப்பர்வைசரிடம்.
அவள் சிரிக்கவில்லை. அவளுக்கும் ஐம்பது.

காலண்டரில் மாதத்துக்கு ஒரு கோடு.
பன்னிரண்டு சேர்ந்தால் முடிந்ததாம்.
பதினொன்று சேர்த்திருந்தேன்.
மிச்சமிருந்த கடைசிப் பாக்கெட்டை
கழிவறையில் தவித்த நேப்பாளத்துப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு
வாடகை வீட்டுச் சாவியை ஒப்படைத்தவள்போல்
கைவீசி நடந்தேன்.

சித்திரை பிறந்து ஆறாம் நாள்
கடல் பக்கமிருந்து கறுத்துக்கொண்டு வந்தது.
பக்கத்து வீட்டு காய்க் சூ
பேரனின் குளியல் தொட்டியைக் கம்பிக்கு வெளியே நீட்டினாள்,
பேரன் உள்ளே அழ அழ.

ஒன்பது நாள் கழித்து
பஸ் நிறுத்தத்து அங்சானா மரக் கிளைகளில்
யாரும் நடாத, யாரும் நீர் ஊற்றாத
புறா ஆர்க்கிட் ஒரே காலையில் வெள்ளை.
தீவு முழுக்க அதே காலைதான் என்று
பஸ்ஸில் பேசிக்கொண்டார்கள்.
மறுநாள் போனால், நனைந்த டிஷ்யூ.

மூன்றாம் வாரம் எலுமிச்சை.
கண்ணுக்கு முன் மூக்கு அறிந்தது.
ஏழு பூ. இரண்டு தரம் எண்ணினேன்,
என் தொழில் அது.
காய்க் சூ மலாயில் சொன்னாள்:
செத்துவிடுவோம் என்று பயந்தால் மரம் பூக்கும்.
எனக்கு அது பிடிக்கவில்லை.
பயந்தது இப்படியா மணக்கும்?

அன்றிரவே
அடிவயிற்றில் பழைய ஆள் வந்து கதவு தட்டியது.

பூப்பு என்று சொல்கிறது தமிழ் இதை.
பன்னிரண்டு வயதில் அந்தச் சொல்லைக் கேட்டு
எந்தப் பூ இப்படி இடுப்பைப் பிடிக்கும் என்று
கோபப்பட்டிருக்கிறேன்.
கோபம் முழுதாய்ப் போகவில்லை. ஆனாலும் அந்த இரவு
விளக்கைப் போடாமல் நின்று
கொஞ்சம் சிரித்தேன்.

பதினொன்றரை மணிக்குக் கடைக்குப் போன சந்திரகாசன்
இருப்பதிலேயே நீளமானதை வாங்கி வந்தார்,
இறக்கை வைத்தது.
இதில் ஈப்போவுக்கே பறக்கலாம், என்றார்.

கிளினிக்கில் டாக்டர் பர்ஹானா
சோதனைக்கு ரத்தம் எடுத்தார்.
பெரும்பாலும் பயமில்லை, ஆனால்
கணக்கு முதலிலிருந்து, என்றார்.

ஏழில் ஐந்து உதிர்ந்தன.
இரண்டின் அடியில் மிளகளவு பச்சை.
நிற்குமா என்று கேட்டதற்கு
காய்க் சூ தோளைக் குலுக்கிவிட்டு
பேரனின் சட்டையைப் பிழிந்தாள்.

பதினொரு கோடும் பேனாவில் போட்டவை,
அழியாது. இருக்கட்டும்.
மே மாதத் தாளில், இந்த முறை பென்சிலால்,
ஒன்று என்று எழுதப் போய்
இரண்டு என்று எழுதினேன்,
எலுமிச்சைக்கு.